பதினோரு நீலப் பொட்டு

ஒச்சாண்டி தன் மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சந்தனப் பொட்டோ குங்குமப் பொட்டோ இல்லை. திராட்சைக் கொடிக்கு அடிப்பதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்த வாளியில் வேப்பங்குச்சியை முக்கி, யார் கண்ணுக்கும் லேசில் படாத இடங்களாகப் பார்த்து வைத்தார். பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒன்று. சீட்டுக்கு அடியில் ஒன்று. மட்கார்டின் உள்பக்கம், கார்புரேட்டர், கியர்பாக்ஸ் மூடி, மேக்னெட்டோ, ஹெட்லைட் வளையம். இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் பெண்டு பைப் இரண்டிலும், இன்ஜினைப் பார்த்த பக்கமாக ஒவ்வொன்று. கடைசியில், துருவேறி ஓட்டை விழுந்து கிடந்த சைலன்சர் இரண்டுக்கும் வயிற்றடியில் ஒவ்வொன்று. விரல்விட்டு எண்ணினார். பதினொன்று.

மருந்து வாளியைத் தேடிக்கொண்டு வந்த ராக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வண்டிக்கும் சாம்பல் நோய் விழுந்துருச்சாக்கும்?”

“நீ போயி ஒஞ்சோலியப் பாரு.”

“இல்ல, கொடிக்கு வச்ச மருந்தை எடுத்து இரும்புக்கு அடிக்கிறீகளே, காய்ப்பு நல்லா இருக்குமான்னு கேட்டேன்.”

“மெக்கானிக்குகிட்ட விடப்போறேன். விடும்போது ஒரு வண்டியா இருக்கும், எடுக்கும்போது வேற வண்டியா இருக்கும். எதைக் கழட்டுனான், எதை மாத்துனான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தேன்.”

“சாலமன் அப்படிப்பட்ட ஆளா?”

“அப்படிப்பட்ட ஆளுன்னு நெத்தியில எழுதிக்கிட்டா திரிவான்?”

காமயகவுண்டன்பட்டியில் ஒச்சாண்டியின் பொட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வியாபாரி தோட்டத்தைப் பேசி முடித்து, வெட்டுக்கு நாள் குறித்துவிட்டுப் போனதும், இவர் கொடிக்குள் நுழைந்து நாலைந்து கொத்துக் காம்பில் நீலப் பொட்டு வைத்துவிட்டு வருவார். குறித்த நாளுக்கு முன்னால் எவனாவது கை வைத்தால் பொட்டு வைத்த கொத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தடவை காட்டியும் கொடுத்தது. அன்றிலிருந்து அந்த நீலத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை மனுசர் மேல் இல்லை. மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. வேட்டியில் பட்டால் வேட்டி கிழிகிற வரைக்கும் கிடக்கும்.

வண்டி ஐம்பத்து நாலாம் வருசத்து பி.எஸ்.ஏ. இரட்டைச் சிலிண்டர், இரண்டு பக்கமும் சைலன்சர். மேகமலை எஸ்டேட்டில் ஒச்சாண்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, மாற்றலாகிப் போன மேனேஜர் ஒருவர் இவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. நாற்பத்தாறு வருசமாகத் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் அதில்தான் போக்குவரத்து. அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் தேனியில் ஆர்.சி. புக்கைப் புதுப்பிக்க வேண்டும். போன தடவை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தத் தடவை புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டரம்மா வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

“பெரியவரே, சைலன்சர் ரெண்டும் சல்லடையா இருக்கு. புதுசு மாட்டி, சத்தம் அடங்கி, வர்ற செவ்வாய்க்கிழமை கொண்டாங்க. அன்னைக்கும் சரியில்லன்னா இந்த மனு செல்லாது. ஆர்.சி. போயிரும்.”

ஆர்.சி. போனால் வண்டி செத்த வண்டி. ரோட்டில் இறக்க முடியாது. அதற்காகவே காத்திருக்கிற ஆள் ஒருவன் உண்டு. குமுளியில் லாட்ஜ் வைத்திருக்கும் பேபிச்சன். இரண்டு தடவை தோட்டத்துக்கே ஜீப்பில் வந்து, “சேட்டா, இது எனக்குத் தரூ. ஹோட்டல் முன்னாடி, செடிச்சட்டிக்கு நடுவுல நிறுத்தினா நல்ல பங்கியா, அழகா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனவன். செடிச்சட்டிக்கு நடுவில் வண்டி நிற்பதை நினைத்தாலே ஒச்சாண்டிக்கு நெஞ்சு எரிந்தது.

ரோட்டில் போலீஸ் மறித்தால் என்ன செய்வது என்று, திராட்சைப் பெட்டி ஏற்றிப் போகும் சின்ன வேனில் வண்டியைத் தூக்கி வைத்துக் கட்டி, தானும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்து கம்பத்துக்குப் போனார்.

சாலமனின் பட்டறை கம்பம்மெட்டு ரோட்டில் இருந்தது. ஐம்பது வயசு ஆள். இராயப்பன்பட்டிக்காரர். பழைய இங்கிலீஷ் வண்டி என்றால் இந்தப் பக்கத்தில் அவரைத்தான் கைகாட்டுவார்கள். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஸ்பேனர் வரிசை. புதுச் சைலன்சர் இரண்டையும் வடக்கே எங்கேயோ பட்டறையில் செய்கிறவர்களிடமிருந்து வரவழைத்திருந்தார். பழைய மாடலைப் பார்த்துச் செய்த நகல். பளபளவென்று முகம் தெரிந்தது.

ஒச்சாண்டிக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை. காலித் திராட்சை டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தார்.

“என்னய்யா, தராசெல்லாம் கொண்டாந்திருக்கீக? என்னை நிறுக்கவா?” என்றார் சாலமன்.

“ஒன்னை நிறுத்து என்ன ஆகப்போகுது? அதைக் கழட்டு.”

கழற்றிய பழைய சைலன்சரைக் கொக்கியில் மாட்டினார். மூணே முக்கால் கிலோ. துருப்பிடித்துப் பாதி உதிர்ந்ததே மூணே முக்கால். புதுசை மாட்டினார். முள் இரண்டே கால் கிலோவில் நின்றுவிட்டது.

“ஒண்ணரைக் கிலோ எங்க போச்சு?”

“தகடு மெல்லிசுய்யா. பழசுக்குள்ள தடிமனா ஒரு குழல் இருக்கு, சத்தத்தை அதுதான் அமுக்கும். இதுக்குள்ள பேருக்கு ஏதோ வச்சிருக்கான். மாட்டிப் பாப்போம், எப்படிப் பேசுதுன்னு.”

“பேருக்கு வச்சிருக்கான்னு தெரிஞ்சேதான் வாங்குனியா?”

“வேற யாரும் செய்யலய்யா. இது என்ன கத்தரிக்காயா, சொத்தையைத் தள்ளிட்டுப் பொறுக்க?”

அடுத்த தடங்கல் உடனே வந்தது. புதுசின் வாய் பெரிசு, பெண்டு பைப் சிறிசு. உள்ளே விட்டால் லொடலொடவென்று ஆடியது. சாலமன் கடைசல் பட்டறைக்குப் போய் இரண்டு வளையம் கடைந்து வந்து, நடுவில் செருகி, கிளாம்பு போட்டு இறுக்கினார். அவர் கடைசல் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து ஒச்சாண்டி எழுந்து பொட்டுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார். பதினொன்றும் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குக்கூட நகரவில்லை. சாலமன் வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியில் பங்கு கொடுத்தபோது, “நீ தின்னு. நான் தின்னா கண்ணு சொக்கும்,” என்றுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கிக்கரை உதைத்தார்கள்.

வண்டி பிடித்ததும் எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் கிளாசைப் போட்டு உடைத்தான். நாய் ஒன்று ரோட்டைக் குறுக்கே பாய்ந்து ஓடியது. பழைய சல்லடைச் சைலன்சர் எவ்வளவோ தேவலை. சாலமன் திராட்டிலை மூடியதும் பின்னால் பட்படாரென்று கல்யாண வீட்டுச் சரவெடி வேறு.

“நிறுத்துடா! ஊரைக் கூட்டாத!”

சாலமனின் முகம் தொங்கிப்போனது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“காத்து சாஸ்தியாப் போகுது, பெட்ரோல் பத்தல. கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டை மாத்துனா வெடி நின்னுரும். ஆனா இந்தச் சத்தம்… இதோட போனா அந்தம்மா காம்பவுண்டுக்குள்ளயே விடாதுய்யா.”

“அப்ப?”

“விட்டுட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை காலைல வாங்க. ஏதாச்சும் பண்றேன்.”

“ஏதாச்சும்னா?”

“ஏதாச்சும்தேன்.”

‘ஏதாச்சும்’ என்ற சொல்லை ஒச்சாண்டி இந்த எழுபத்திரண்டு வயசில் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறார். நல்லதுக்கு எவனும் அதைச் சொன்னதில்லை.

“சரி. பழசு ரெண்டையும் எடு, நான் கொண்டுபோறேன்.”

“இருக்கட்டுமேய்யா. அளவு பாக்கணும்.”

“அளவுதான் நேத்தே பாத்துட்டியே.”

“இது வேற அளவு.”

ஒச்சாண்டி கையை நீட்டி, சாலமன் கையிலிருந்த பிளக்கை வாங்கி, இன்னொன்றையும் கழற்றி, இரண்டையும் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார்.

“எதுக்குய்யா இது?”

“நான் இல்லாதப்ப எவனும் ஓட்டக் கூடாது.”

“என்கிட்டதான் டப்பா நெறையப் பிளக்கு இருக்கே!”

“இருக்கட்டும். என் பிளக்கு என்கிட்ட இருக்கும்.”

பஸ் ஏறப் போகும்போது திரும்பிப் பார்த்தார். கேரள நம்பர் ஜீப் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கியது பேபிச்சன். சாலமன் சிரித்துக்கொண்டே வெளியே வந்து கைகுலுக்கியதும் தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அப்புறம் மூன்று நாள் அவரால் நகர முடியவில்லை. வானம் மூட்டம் போட்டு நின்றது. மருந்தடிக்காவிட்டால் பூவெல்லாம் கருகிப் போகும். பந்தலுக்கு அடியில் குனிந்து மருந்தடித்துக்கொண்டே கணக்காக யோசித்தார். புதுசு சரியில்லை என்று தெரிந்தே வாங்கியிருக்கிறான். பழசைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். பேபிச்சன் வந்து கைகுலுக்குகிறான். செவ்வாய்க்கிழமை வண்டி தேறாது. ஆர்.சி. போகும். செடிச்சட்டி தயாராக இருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, தான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் போட்டார். எடுத்ததும் பின்னால் கிர்ர்ர் என்று இரும்பு அறுக்கிற சத்தம். உடனே நின்றது.

“என்னத்த அறுக்குற?”

“அது… ஜீப்பு வேலைய்யா. நீங்க வெள்ளன வாங்க.”

“யாரு ஜீப்பு?”

லைன் போய்விட்டது.

“கேட்டியா?” என்று ராக்கம்மாளிடம் திரும்பினார். “யாரு ஜீப்புன்னு கேட்டதும் வச்சுப்புட்டான்.”

“சார்ச்சு தீர்ந்திருக்கும்.”

“அவனுக்கா, ஒனக்கா? நீ எதுக்கு அவனுக்குப் பேசுற?”

“நான் யாருக்கும் பேசல சாமி. நாளைக்கு அந்த ஆபீசுல போயி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. கையெழுத்து வாங்குற வரைக்குமாச்சும்.”

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பட்டறையில் நின்றார். வண்டி துடைத்துத் தயாராக இருந்தது. பழைய சைலன்சர் இருந்த மூலை காலி.

“எங்க?”

“மொதல்ல பாஸ் ஆகட்டும்யா. அப்புறம் சொல்றேன்.”

“இப்பச் சொல்லு.”

“இப்பச் சொன்னா நீங்க இங்கனயே உக்காந்துருவீக. மணி ஆகுது. நானும் கூட வர்றேன், வழியில ஏதாச்சும் ஜெட்டு அடைச்சாப் பாக்கணும்.” சாலமன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடியிலிருந்த பிளக்குகளை ஒச்சாண்டியே மாட்டினார். உதைத்தார்.

சத்தம் அடங்கியிருந்தது. வெடி இல்லை, அலறல் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிற பெரிய மனுசன் மாதிரி வண்டி பேசியது. மேகமலையில் முதன்முதலாகக் கிக்கரை உதைத்த அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். அதுதான் அவருக்கு இடித்தது. உள்ளே ஒன்றுமில்லாத இரண்டே கால் கிலோத் தகடு எப்படி இந்தக் குரலில் பேசும்?

உத்தமபாளையம் தாண்டும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் சாலமன் அசைகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னமனூரில் டீக்கு நிறுத்தினார்கள். சாலமன் டீ சொல்லப் போனார். ஒச்சாண்டி செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தார்.

டேங்க், இருக்கிறது. கியர்பாக்ஸ், இருக்கிறது. கார்புரேட்டர், மேக்னெட்டோ எல்லாம் இருக்கிறது. பெண்டு பைப்பின் உள்பக்கம் பார்த்தார். இல்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் நீலம் இல்லை. வெறும் கருப்பும் புழுதியும்.

அப்படியானால் சைலன்சரோடு நிறுத்தவில்லை. குழாயையும் கழற்றியிருக்கிறான். அந்தக் காலத்து இரும்பு. அதற்குப் பதிலாக எவன் வண்டியிலோ கிடந்ததைத் தேய்த்து மாட்டியிருக்கிறான்.

டீயை வாங்கிக் குடித்தார். “சர்க்கரை பத்தலையாய்யா?” என்று சாலமன் கேட்டதற்கு, “எல்லாம் பத்துது,” என்றார்.

தேனியில் டெஸ்ட் எடுக்கும் மைதானத்தில் ஆட்டோ, டிராக்டர், டிரைவிங் ஸ்கூல் கார் என்று வரிசை நின்றது. பத்தரைக்கு இவர்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டரம்மா சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டது. லைட், பிரேக், ஹாரன் பார்த்தது. சத்தம் அளக்கிற சின்னப் பெட்டியைப் பின்னால் காட்டிப் பிடித்துக்கொண்டு, “ஏத்துங்க… விடுங்க… இன்னொரு தடவை,” என்றது. பெட்டியைப் பார்த்துத் தலையாட்டியது.

“பரவாயில்லையே பெரியவரே. யாரு செஞ்சது?”

“நான்தாம்மா,” என்றார் சாலமன், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தம்மா பேனாவைத் திறந்தது. “மாத்துனது சைலன்சர் மட்டும்தானே? மத்ததெல்லாம் இந்த வண்டிச் சாமான்தானே?”

அது எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. ஆமா என்று ஒரு சொல் போதும். ராக்கம்மாள் சொன்னது ஒச்சாண்டியின் நினைவில் ஓடத்தான் செய்தது. ஆனால் மனசில் ஒன்றும் வாயில் ஒன்றும் வைத்துப் பேச அவருக்கு என்றைக்குமே வந்ததில்லை.

“இல்ல ஆத்தா. குழாய் ரெண்டும் என்னுதில்ல. எவன் வண்டியிலயோ கழட்டுனது. என்னுதை இவன் வித்துப்புட்டான்.”

பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. சாலமனின் வாய் திறந்தபடி இருந்தது.

“என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? திருட்டுச் சாமான் மாட்டுன வண்டின்னு நீங்களே சொன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? போலீஸ்ல எழுதிக் குடுத்து, அது முடிஞ்சப்புறம்தான் வரணும். இன்னைக்கோட உங்க நாளு முடியுது.”

“முடியட்டும். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்க மாட்டேன்.”

“ஐயா!” சாலமன் குழாயைக் காட்டினார். “குழாயில கையே வைக்கலய்யா நானு! கிளாம்பு மட்டும்தேன் மாத்துனேன்!”

“அப்ப எம் பொட்டு எங்கடா?”

“என்ன பொட்டு?”

“நீலப் பொட்டு! பதினோரு பொட்டு வச்சுத்தேன் ஒன்கிட்ட விட்டேன். சைலன்சர் போக மத்ததெல்லாம் இருக்கு. குழாய்ப் பொட்டு ரெண்டும் எங்க?”

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். டிராக்டர்க்காரன் ஒருவன், “பெரியவரே, வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சீகளா, வயசுக்கு வந்துருச்சுன்னு வச்சீகளா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒச்சாண்டி சிரிக்கவில்லை. டேங்குக்கு அடியில் கையைவிட்டுக் காட்டினார். கியர்பாக்ஸ் மூடியைக் காட்டினார். சுண்டைக்காய் அளவுக்கு நீலம் பளிச்சென்று இருந்தது. சாலமன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்தது.

“இருபது வருசமா ஒங்க வண்டிக்கு வேலை பாக்குறேன். எனக்கா பொட்டு வச்சீக?”

“எல்லாருக்கும் வைப்பேன். ஒனக்கு மட்டும் என்ன தனியா?”

“பெண்டு பைப்பு சூட்டுல அப்பளம் பொரியும். ஒங்க பொட்டு நிக்குமா அதுல?”

“மயில்துத்தம் போகாதுடா. வேட்டியில பட்டா வேட்டி கிழியிற வரைக்கும் போகாது!”

“வேட்டியை அடுப்புல போட்டுப் பாத்திருக்கீகளா?”

மறுபடியும் சிரிப்பு. இன்ஸ்பெக்டரம்மா கையைத் தூக்கி அடக்கியது. கடிகாரத்தைப் பார்த்தது.

“பெரியவரே, அஞ்சு நிமிசம் தர்றேன். அந்த நீலம் இன்னும் வண்டியில இருக்குல்ல? கொஞ்சம் சுரண்டி அந்தக் குழாய் மேல வச்சுப் பாருங்க. நீலமாவே இருந்தா நீங்க சொல்றது சரி. போலீசுக்குப் போங்க.”

சாலமன் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தார்.

“நீ தொடாத,” என்றார் ஒச்சாண்டி.

கியர்பாக்ஸ் மூடியிலிருந்த பொட்டைத் தன் நகத்தாலேயே சுரண்டி உள்ளங்கையில் எடுத்தார். வண்டியை அவரே உதைத்தார். கொஞ்ச நேரம் ஓட விட்டார். குழாய் வளைகிற இடத்தில் காற்று நெளிந்தது. அந்தச் செதிலை மேலே வைத்து, மூக்கு பொசுங்குகிற தூரத்துக்குக் குனிந்தார்.

நீலமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து சாலமனைப் பார்க்கலாம் என்று நினைத்தார். அதற்குள் ஓரம் பச்சையாக வெளிறியது. அப்புறம் காப்பிப்பொடி நிறம். எண்ணிப் பத்து சொல்வதற்குள் கரித்துண்டாகிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒச்சாண்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயின் உள்பக்கத்தைத் தேய்த்தார். புழுதி விலகியது. சுண்டைக்காய் அளவுக்கு வட்டமாக ஒரு கருப்பு. அவர் வைத்த இடத்திலேயே, அவர் வைத்த அளவிலேயே. அந்தப் பக்கமும் போய்த் தேய்த்தார். அங்கேயும் ஒன்று. நாற்பது வருசமாக மயில்துத்தம் கரைத்த கை. நெருப்பில் அது என்ன ஆகும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கொடியை எவன் நெருப்பில் வைப்பான்?

குனிந்தவாக்கிலேயே கேட்டார். “சரி, குழாய் கிடக்கட்டும். பழைய சைலன்சர் ரெண்டும் எங்க?”

“அதை விட மாட்டீகளா?”

“விடமாட்டேன்.”

சாலமன் பெருமூச்சு விட்டார். “அறுத்துட்டேன்.”

“என்னது?”

“நெடுக்கா அறுத்து, உள்ள இருந்த குழலை எடுத்து, அதைப் புதுசுக்குள்ள வச்சு வெல்டிங் பண்ணிருக்கேன். வெளித் தகடுதான் சல்லடை, உள்குழல் கல்லு மாதிரி கெடந்துச்சு. அது இல்லாம இந்தச் சத்தம் அடங்காது. நேத்துச் சாயங்காலம் நீங்க போன்ல கேட்டது அதைத்தேன்.”

“ஜீப்பு வேலைன்ன!”

“அறுக்குறேன்னு சொன்னா விட்டிருப்பீகளா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதுக்குத்தேன் சொல்லல.”

“அப்ப நான் நெனச்சது சரிதேன். எனக்குத் தெரியாம எஞ்சாமான்ல கை வச்சிருக்க.”

“வச்சேன். வச்சு ஒங்க வண்டியிலயேதானே மாட்டிருக்கேன்!”

“பேபிச்சன் எதுக்கு வந்தான்?”

“பழசைக் கேக்கத்தேன் வந்தாரு. வாங்கிட்டுப் போயி லாட்ஜு சுவத்துல மாட்டுவாராம். ஐயா குடுக்கமாட்டாகன்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்ப அறுத்ததைப் பாத்தா அவரு அழுதுருவாரு.”

இன்ஸ்பெக்டரம்மா செல்போன் விளக்கை அடித்துச் சைலன்சரின் வாலுக்குள் எட்டிப் பார்த்தது. ஒரு பக்கம், மறு பக்கம். நிமிர்ந்து தாளை எடுத்தது.

“பெரியவரே, கடைசியா ஒரு தடவை. குழாய் யாருது?”

“என்னுது.”

“உள்ள இருக்குறது?”

“அதுவும் என்னுது. என்னைக் கேக்காம எடுத்து எனக்கே மாட்டிருக்கான்.”

“இவர் மேல புகார் இருக்கா?”

ஒச்சாண்டி சாலமனைப் பார்த்தார். சாலமன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருக்கு,” என்றார். “ஆனா அதை நீங்க எழுத வேண்டாம்.”

அந்தம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. எங்கே போட்டது, எத்தனை வரி எழுதியது என்று ஒச்சாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தன் பேரைத் தவிர வேறு எதையும் வாசிக்க வராது. இருந்தாலும் பார்த்தார். தாளை உள்ளே கொடுத்து, அஞ்சு வருசத்துக்கு முத்திரை விழுந்த பிறகுதான் வெளியே வந்தார்.

சாலமன் வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார். ஒச்சாண்டி வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஏறு.”

“வேணாம்யா. நான் பஸ்ல போயிக்கிறேன்.”

“ஏன்?”

“அம்புட்டுப் பேரு முன்னாடி திருடன்னுட்டீக.”

“நெனச்சேன், சொன்னேன். நெனச்சுக்கிட்டே ஒன்னோட டீ குடிச்சுச் சிரிச்சுப் பேசுனாத்தேன் தப்பு. நீ மட்டும் என்ன, ஜீப்பு வேலைன்னு வாய் கூசாமச் சொன்ன.”

சாலமனுக்குக் கோபம் அதிகமானது. “ஏறுனா, சட்டைப்பையில கைய விட்டான்னு வீரபாண்டியில எறக்கிச் சோதனை போடுவீக. எனக்கு வேணாம்.”

“போடத்தேன் செய்வேன்.”

ஒரு டவுன் பஸ் ஹாரனடித்துக்கொண்டு வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. சாலமன் ஏறவில்லை. அது கம்பம் பஸ் இல்லை என்பதுதான் காரணமா என்று ஒச்சாண்டியால் தீர்மானிக்க முடியவில்லை.

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சாலமன் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார்.

“நீ ஓட்டு.”

சாலமன் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தாறு வருசத்தில் ரோட்டில் இந்த ஹேண்டில்பாரை வேறு யாரும் பிடித்ததில்லை. ராக்கம்மாளின் தம்பி கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு, இவர் மறுத்து, மூன்று வருசம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது ஊரறிந்த கதை.

“நானா?”

“பின்னாடி உக்காந்துக்கிட்டு நீ என்ன பண்றன்னு எனக்குத் தெரியமாட்டேங்குது. முன்னாடி இரு. நான் பாத்துக்கிட்டே வர்றேன்.”

சாலமன் ஏறி உட்கார்ந்தார். சிரித்தாரா என்று பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது. உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது.

வீரபாண்டி தாண்டியதும் ஒச்சாண்டி முன்னால் சாய்ந்து, சத்தத்தை மீறிக் கேட்டார். “அறுத்த கூடு ரெண்டும் எங்க கெடக்கு?”

“பட்டறையில, சாக்குக்குள்ள!”

“எனக்கு வேணும்!”

“அதை வச்சு என்னய்யா பண்ணப்போறீக? வெறும் துரு!”

“துருவோ என்னமோ. என்னுது. போனதும் தராசுல வச்சு நிறுத்துக் குடு.”

சாலமன் திரும்பி ஏதோ சொல்ல வந்தார்.

“திரும்பாத, ரோட்டைப் பாரு,” என்றார் ஒச்சாண்டி. “வண்டி என்னுது.”